பழனி மலைத்தொடருக்குச் சைக்கிளில் போகப் புது சைக்கிளும் வேண்டாம், புரோக்கரும் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 43, தாம்பரத்தில் இருக்கிறேன். நானும் மனைவியும் ஜனவரி கடைசியில் ஐந்து நாள் விடுப்பு எடுத்து, கொடைக்கானலுக்குக் கீழே உள்ள பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கத்து மலைக் கிராமங்களைச் சைக்கிளில் சுற்ற நினைக்கிறோம். இருவரிடமும் இருப்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு கியர் உள்ள சாதாரண ஹைபிரிட். இது மலை ஏறாது, வேறு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரோ வாடகை சைக்கிள், வனத்துறை பெர்மிட் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 28,000 ரூபாய் கேட்கிறார். எங்கள் சைக்கிளையே ரயிலில் கொண்டுபோக முடியாதா?

பதில்:

முடியும். உங்கள் சைக்கிள் மலையும் ஏறும். அதை நாலு வரியில் முடித்துவிட்டு, இதைவிட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

சைக்கிளில் முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள். பெரும்பாலும் 28 இருக்கும். பின்னால் பெரியதை எண்ணுங்கள், அதுவும் 28 ஆக இருக்கலாம். அப்படியென்றால் மிதியை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரமும் ஒரு சுற்று சுற்றும். சுமார் 2.1 மீட்டர் நகர்வீர்கள். பின்னால் 28-க்குப் பதில் 34 பல் உள்ள ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரத் தொகுதி) போட்டால் அதே சுற்றுக்கு ஒன்றேமுக்கால் மீட்டர்தான் போகும். வேகம் குறையும், முழங்கால் பிழைக்கும். ஏழு கியர் வண்டிக்கு 14-34 ஃப்ரீவீல் கடைகளில் கிடைக்கிறது. புது சைக்கிள் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஃப்ரீவீலை மாற்றும்போது செயினையும் நீளமாக மாற்றச் சொல்லுங்கள். பழைய செயினையே விட்டுவிட்டால், பெரிய பல்லில் ஏறும்போது செயின் விறைத்து, கியர் மாற்றும் டெரயிலரைப் பிடுங்கிவிடும். இந்த ஒன்றைச் சொல்லாமல் ஃப்ரீவீல் மட்டும் மாட்டிக்கொடுக்கும் மெக்கானிக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறும் பெரிய ரோடு பஸ்ஸும் லாரியும் ஏறுவதற்காகப் போட்டது. சராசரியாக நூறு மீட்டருக்கு நாலைந்து மீட்டர்தான் ஏற்றம். உட்கார்ந்தபடியே மணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டரில் மிதித்துப் போய்விடலாம்.

பெர்மிட் விஷயத்தைக் கேட்டதும் கோபம்தான் வந்தது. பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் போவது அரசு பஸ் ஓடும் பொது ரோடு. அதில் சைக்கிள் ஓட்ட எந்த பெர்மிட்டும் கிடையாது. வனத்துறை அனுமதி கேட்பது கொடைக்கானலுக்கு அப்பால் பேரிஜம் ஏரி போன்ற இடங்களுக்கு. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவில் வந்த இ-பாஸ் மோட்டார் வாகனங்களுக்கானது. உங்களுக்குப் பின்னால் கார் வந்து அது கொடைக்கானல் போனால் அந்தக் காருக்குத்தான் வேண்டும். இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. பேரிஜம் வழியாக மூணாறுக்கு இறங்கும் பழைய ரோட்டை ‘எஸ்கேப் ரோடு’ என்று சொல்லி, அதில் கூட்டிப்போகிறோம் என்று ஆசை காட்டுவார்கள். அந்த ரோடு மூடிப் பல காலம் ஆகிறது. அந்தக் காடு 2013 முதல் வனவிலங்கு சரணாலயம். பணம் கட்டிவிட்டு வனத்துறை கேட்டிலிருந்து திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது ரயில். உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

சைக்கிளை ரயிலில் அனுப்ப இரண்டு வழி உண்டு: லக்கேஜ், பார்சல். டிக்கெட் வைத்திருக்கும் பயணி தன்னோடு அதே ரயிலில் கொண்டுபோவது லக்கேஜ். டிக்கெட் இல்லாதவரும் அனுப்பலாம் என்பது பார்சல். அது இடம் கிடைக்கிற ரயிலில் போகும். இன்றைக்கே போகலாம், மூன்றாம் நாளும் போகலாம். உங்களுக்கு வேண்டியது லக்கேஜ். ஆனால் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ஆபீஸ்தான். அந்த வாசலில் நிற்கும் ஆட்களுக்கு இந்த வித்தியாசம்தான் பிழைப்பு.

நீங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் ஒருவர் வருவார். ‘பேக்கிங் இல்லாம உள்ள எடுக்க மாட்டாங்க சார், ஃபாரம் நானே எழுதித் தர்றேன்’ என்பார். கோணி சுற்றி, கயிறு கட்டி, ஃபாரம் எழுதி, சைக்கிளை உள்ளேயும் கொண்டுபோய்விடுவார். கேட்கிற காசு சைக்கிளுக்கான ரயில் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கும். அதுகூடப் பரவாயில்லை. அவர் நிரப்புவது பல சமயம் பார்சல் ஃபாரம். ஒரு முறை இப்படித்தான் நான் ஊர் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்து என் சைக்கிள் வந்தது. பம்ப்பைக் காணோம், டெரயிலர் வளைந்திருந்தது. நாலு நாள் பயணத்தில் பாதி நாள் பார்சல் ஆபீஸ் பெஞ்சில் போனது. அதற்குப் பிறகு எந்த இடைத்தரகர் கையிலும் என் வண்டியைக் கொடுத்ததில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

பேக்கிங்கை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். ஃபிரேமிலும் டெரயிலர் பக்கமும் அட்டையைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். உருட்ட முடிந்தால் உருட்டுவார்கள், முடியாவிட்டால் தூக்கி எறிவார்கள். லைட், பாட்டில், பம்ப், பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர், பி.என்.ஆர். எண், புறப்படும் ஊர், சேரும் ஊர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி மூன்று இடத்தில் ஒட்டுங்கள். டிக்கெட் பிரிண்ட், ஆதார் நகல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். விதிப்படி ரயில் கிளம்ப 30 நிமிடம் முன்னால் போனால் போதும். நடைமுறையில் இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள். கவுன்டரில் ‘லக்கேஜ், பார்சல் இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்லி, ரசீதில் அப்படித்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு நகருங்கள்.

படுக்கை டிக்கெட்டை ஒரு நிமிடத்தில் போனில் எடுக்க முடிகிறது. ஒரு சைக்கிளை அதே ரயிலில் ஏற்ற இன்னமும் ஒவ்வொரு ஜன்னலாக நிற்க வேண்டியிருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே ‘சைக்கிள் ஒன்று’ என்று டிக் செய்யும் வசதி வந்துவிட்டால் வாசலில் ஒரு புரோக்கரும் நிற்க மாட்டார். ஏன் செய்யவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். கொடைக்கானல் ரோடு என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, அங்கேயே இறங்கிவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். நீங்கள் இறங்கலாம், சைக்கிள் இறங்காது. அங்கே ரயில் நிற்பது ஓரிரு நிமிடம். ஐந்து நிமிடம்கூட நிற்காத ஸ்டேஷனில் லக்கேஜ் பெட்டியைத் திறந்து சாமான் ஏற்றி இறக்குவதில்லை. அப்படிப்பட்ட ஸ்டேஷனுக்கு புக் செய்யவே மறுப்பார்கள். யாராவது செய்துகொடுத்தாலும் சைக்கிள் உங்களைத் தாண்டி அடுத்த பெரிய ஊருக்குப் போய்விடும். திண்டுக்கல் பெரிய ஜங்ஷன்தானே என்பீர்கள். அங்கேயும் உங்கள் ரயில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று நேர அட்டவணையைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஏறும் ஸ்டேஷனுக்கும் இதே கதைதான். வீட்டுக்குப் பக்கம் என்று தாம்பரத்தில் ஏற்ற நினைக்காதீர்கள். ரயில் கிளம்பும் இடத்தில் ஏற்றி, முடியும் இடத்தில் இறக்குவதுதான் பாதுகாப்பு. எழும்பூரில் கிளம்பி மதுரையில் முடியும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இதற்குச் சரியாக இருக்கும். இரண்டு முனையிலும் அவசரம் இல்லை. ஒன்று மட்டும் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். லக்கேஜ் இடத்தைச் சில ரயில்களில் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். உங்கள் தேதியில் பயணிகளின் லக்கேஜுக்கு இடம் இருக்கிறதா என்று அந்த ஆபீஸிலேயே கேட்க வேண்டும், வாசலில் நிற்பவரிடம் கேட்கக் கூடாது. மதுரையில் இறங்கியதும் காபி குடிக்கப் போகாமல் நேரே லக்கேஜ் பெட்டிக்குப் போய் நில்லுங்கள்.

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு சுமார் 60 கிலோமீட்டர், சமதளம். முதல் நாள் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தைப்பூசம் எந்தத் தேதி என்று பார்த்து, அதற்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பழனிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டத்தில் அந்தப் பக்கத்து ரோடுகள் நிறைந்திருக்கும், அறையும் கிடைக்காது. பொங்கல் வாரத்தில் ரயிலில் லக்கேஜுக்கும் இடம் இருக்காது.

இரண்டாம் நாள் விடியற்காலையில் காட் ரோட்டில் ஏற ஆரம்பியுங்கள். டம் டம் பாறையில் நின்றால் எதிரே தலையாறு அருவி விழுவது தெரியும், 297 மீட்டர் உயரம். அதையும் தாண்டி ஊத்து என்ற இடத்தில் பெரிய ரோட்டை விட்டுப் பண்ணைக்காடு பக்கம் திரும்ப வேண்டும். ஊத்து வரை வர அரை நாளுக்குக் குறையாது. திரும்பியதுமே லாரி சத்தம் நின்றுவிடும். காபித் தோட்டம், அதற்கு நிழலாக வெள்ளி ஓக் மரம், மரத்தில் ஏறும் மிளகுக் கொடி, நடுவில் மலைவாழை. இதற்காகத்தான் இவ்வளவு பாடு.

தாண்டிக்குடியில் இரண்டு இரவு தங்குங்கள். பாலமுருகன் கோயில் இருக்கிறது. முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்தார், அதுதான் ஊர்ப்பெயர் ஆனது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கோயிலைவிடப் பழசு சுற்றியிருக்கும் கல்திட்டைகள். பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடி வைத்த ஈமச்சின்னங்கள். பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் இங்கே அகழாய்வு செய்திருக்கிறார்கள். பல திட்டைகள் தோட்டங்களுக்குள் இருக்கின்றன. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், கல்மேல் ஏறாதீர்கள், சைக்கிளைச் சாய்க்காதீர்கள். தங்குமிடத்தைப் பொறுத்தவரை, பஸ் ஸ்டாப்பில் வந்து பேசுகிறவரிடம் முன்பணம் கொடுக்காமல் டீக்கடையில் விசாரித்தாலே நல்ல வீடு கிடைத்துவிடும்.

இறக்கம்தான் ஆபத்து. ஏறும்போது முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், இறங்கும்போது பிரேக் போனால் ஒன்றும் செய்ய முடியாது. தாண்டிக்குடியிலிருந்து மங்களங்கொம்பு, தடியன்குடிசை, பெரும்பாறை வழியாக இறங்கும் ரோடு குறுகலானது, வளைவுகள் இறுக்கம். ரிம் பிரேக் என்றால் கிளம்பும் முன் நாலு ஷூவும் புதிதாக இருக்க வேண்டும். பிரேக்கை ஒரேயடியாக அழுத்திப் பிடித்தபடி வராதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்று ரிம்மின் மேல் கையைக் காட்டிப் பாருங்கள், அனல் அடித்தால் ஆறவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் அந்தத் தட்டைத் தொடவே கூடாது. மலை ரோட்டில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் வழி. கொண்டை ஊசி வளைவில் பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்ப முடியும். ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள்.

மாலை நாலரைக்கு மேல் ரோட்டில் இருக்காதீர்கள். காட்டுமாடுகள் அந்த நேரத்தில்தான் வெளியே வரும், மூடுபனியும் இறங்கிவிடும். பெரும்பாறைப் பக்கம் யானையும் உண்டு. காட்டுமாடு ரோட்டில் நின்றால் மணி அடிக்காதீர்கள், சுற்றிப்போகப் பார்க்காதீர்கள். தூரத்திலேயே நின்று, ஒரு ஜீப்போ பஸ்ஸோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள். இறங்கி முடித்ததும் மறுநாள் மதுரைக்கே திரும்பி அங்கிருந்து ரயில் ஏறுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பைகளில் முழுச் சுமையோடு பரங்கிமலை ரோட்டில் மூன்று முறை ஏறி இறங்குங்கள். புது ஃப்ரீவீலில் 34 பல்லுக்குச் செயின் தடுமாறாமல் ஏற வேண்டும். இறங்கும்போது கேரியர் ஆடக் கூடாது. ஆடினால் அதன் போல்ட்டுகளைக் கழற்றி லாக்நட் போட்டு முறுக்கச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் டெரயிலர், ஃபிரேமோடு அதை இணைக்கும் தனி ஹேங்கரில் மாட்டியிருந்தால் அதே வடிவ ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பையில் வையுங்கள். வத்தலக்குண்டுக்கு மேலே அது எந்தக் கடையிலும் கிடைக்காது.