பிட்ஸ்பர்க்கில் நான்கு நாள்: ஆற்றைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

கேள்வி: மகள் பிட்ஸ்பர்க்கில் எம்.எஸ். முடிக்கிறாள். மே மாதம் பட்டமளிப்பு விழாவுக்கு நானும் மனைவியும் போகிறோம். விழா நாள் போக நான்கு நாள் கையில் இருக்கும். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது, மனைவிக்கு முழங்கால் வலி. மகளிடம் கார் கிடையாது. வாடகைக் கார் எடுக்க வேண்டுமா? எங்கே தங்கலாம்? அந்த ஊரில் பெருமாள் கோவிலைத் தவிர பார்க்க ஏதாவது உண்டா, இல்லை கும்பிட்டுவிட்டு நேராக நயாகரா போய்விடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கோவில், புளியோதரை, அப்புறம் நயாகரா. எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. நயாகராவுக்குக் காரில் ஒரு வழிக்கே சுமார் நான்கு மணி நேரம். முழங்கால் வலியோடு ஒரே நாளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வர வேண்டாம். நான்கு நாளையும் பிட்ஸ்பர்க்குக்கே கொடுங்கள். மகள் படித்த ஊரை அவளோடு சேர்ந்து பார்க்க இன்னொரு தடவை வாய்ப்பது கஷ்டம்.

ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வடகிழக்கில் இருந்து அலெகெனி ஆறும் தெற்கில் இருந்து மனாங்கஹேலா ஆறும் வந்து கூடி, ஒஹையோ ஆறாகப் போகின்றன. டவுன்டவுன் இந்த இரண்டு ஆற்றுக்கும் நடுவே முக்கோணமாக நிற்கிறது. சுற்றிலும் மலை. அதனால் மேப்பில் அரை மைல் என்று காட்டும் இடத்துக்கு நடுவில் ஓர் ஆறோ செங்குத்தான மேடோ இருக்கும். நான் சொல்லும் விதி ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஆற்றின் ஒரு பக்கம் மட்டும். காலையில் ஒரு கரை, மதியம் எதிர்க்கரை என்று திட்டம் போட்டால் பாலத்திலும் சுரங்கப் பாதையிலுமே பாதி நாள் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை, இது உங்கள் மனைவிக்காக. இந்த ஊரில் நூற்றுக்கணக்கான பொதுப் படிக்கட்டுகள் இருக்கின்றன. மலைமேல் வீடு, கீழே ஆலை என்று இருந்த காலத்தில் தொழிலாளர்கள் ஏறி இறங்கியவை. சில படிக்கட்டுகள் அதிகாரபூர்வமாகவே தெருக்கள், பெயர்ப்பலகையும் உண்டு. நடந்து போக வழி கேட்டால் போன் அந்தப் படியில் ஏறச் சொல்லும். கிளம்பும் முன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு ஊரின் ஓக்லண்ட் பகுதிதான் என் தேர்வு. கார்னகி மெலனும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் அந்தப் பக்கம்தான். பட்டமளிப்பு வாரத்தில் அறை கிடைப்பது பெரும்பாடு, இப்போதே பதிவு செய்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் டவுன்டவுன் போதும். 61, 71 என்று தொடங்கும் பஸ்கள் இரண்டையும் இணைக்கின்றன. வாடகைக் கார் வேண்டாம். குறுகிய மலைத் தெரு, பார்க்கிங் கட்டணம், எதிர்பாராத இடத்தில் பிரியும் பாலச் சாலை எல்லாம் புதியவருக்குத் தலைவலி. பஸ்ஸும் ஊபரும் போதும்.

விமான நிலையத்தில் 2025 நவம்பரில் புதிய முனையம் திறந்திருக்கிறார்கள். பழைய குறிப்புகளில் சொல்லும் உள் ரயில் இப்போது கிடையாது. அங்கிருந்து 28எக்ஸ் பஸ் ஓக்லண்ட் வரை வருகிறது, ஆனால் பெட்டிகளோடு டாக்ஸிதான் வசதி. டாக்ஸி ஃபோர்ட் பிட் சுரங்கப் பாதை வழியாகப் போனால் போனைக் கீழே வையுங்கள். இருட்டில் இருந்து வெளியே வந்த அதே நொடியில் ஆறு, மஞ்சள் பாலங்கள், கோபுரக் கட்டடங்கள் என்று மொத்த ஊரும் கண்ணில் வந்து விழும்.

முதல் நாள் மாலை மனாங்கஹேலா இன்க்ளைன். பழனி விஞ்ச் மாதிரிதான், கம்பி வடம் இழுக்க மலையில் ஏறும் பெட்டி. 1870-ல் தொடங்கியது, இன்றும் மலைமேல் இருப்பவர்கள் வேலைக்குப் போக வர இதில் ஏறுகிறார்கள். நகரப் போக்குவரத்தின் பகுதி என்பதால் பஸ் அட்டையே செல்லும். டவுன்டவுனில் இருந்து டி எனும் ரயிலில் ஆற்றைக் கடந்து ஸ்டேஷன் ஸ்கொயரில் இறங்குங்கள், சாலையின் எதிர்ப்பக்கமே ஏறுமிடம். மேலே வாஷிங்டன் மலை. அதன் பழைய பெயர் நிலக்கரி மலை. நிலக்கரி இங்கே, சரக்கு ஏற்றிப் போக ஆறு அங்கே, நடுவில் ஆலைகள். ஏன் இவ்வளவு எஃகு இந்த ஊரில் உருகியது என்பது அந்தக் கைப்பிடி ஓரத்தில் நின்றால் தானாகப் புரியும். 1940-களில் புகை மண்டிய நாட்களில் நண்பகலிலேயே தெருவிளக்கு எரிந்த ஊர் இது. பொழுது சாயும் நேரத்தில் ஏறி, விளக்குகள் எரிந்த பிறகு இறங்குங்கள். சற்றுத் தள்ளி மேற்கில் டுகேன் இன்க்ளைன் என்று 1877-ல் வந்த இன்னொன்றும் உண்டு. படி ஏற முடியாதவர்களுக்கு மனாங்கஹேலாதான் நல்லது.

இரண்டாம் நாள் ஓக்லண்டிலேயே. கார்னகி கலை, இயற்கை வரலாறு ஆகிய இரண்டு மியூசியங்களுக்கும் ஒரே டிக்கெட், செவ்வாய் விடுமுறை. லண்டனில் பலரும் பார்த்த டிப்லோடோகஸ் டைனோசர் ஒரு வார்ப்புதான், அசல் எலும்பு இங்கே நிற்கிறது. எதிரே 42 மாடி கதீட்ரல் ஆஃப் லேர்னிங். அதில் பல நாடுகளின் பாணியில் அமைத்த வகுப்பறைகள் இருக்கின்றன. இந்திய அறை நாலந்தாவை மனதில் வைத்துச் செங்கல்லால் கட்டியது. லிஃப்ட் உண்டு.

மூன்றாம் நாள் கோவில். பென் ஹில்ஸ் என்ற புறநகரில் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவில் வெள்ளைக் கோபுரம், 1970-களின் நடுவில் எழுந்தது. அமெரிக்காவில் நம் முறைப்படி கட்டிய ஆரம்பகாலக் கோவில்களில் ஒன்று. காலையிலேயே போங்கள். மாலையில் ஸ்குவிரல் ஹில் சுரங்கத்தில் கார்கள் நகரவே நகராது. திரும்பி வர ஊபர் கிடைக்க நேரமானால் கேன்டீனில் உட்காரலாம்.

நான்காம் நாள் டவுன்டவுன் முனை. சனிக்கிழமையாக அமைந்தால் காலையில் ஸ்ட்ரிப் டிஸ்ட்ரிக்ட் கடைத்தெருவில் சுற்றிவிட்டு வாருங்கள். பாயின்ட் பூங்காவின் நுனியில் நீரூற்று இருக்கிறது, அதற்கு நீர் நிலத்தடி ஊற்றில் இருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நீரோட்டத்தை எண்ணி, கூடல் இடத்தைத் திரிவேணி சங்கமத்தோடு ஒப்பிடும் பக்தர்கள் உண்டு. மழைக்கு மறுநாள் போனால் மனாங்கஹேலாவின் கலங்கல் நீர் ஒரு பக்கமாகத் தனியே ஓடுவதைப் பார்க்கலாம். பாதை சமதளம், உட்கார இடமும் உண்டு. மே மாதத்திலும் ஆற்றுக் காற்று குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.