துபாய்க்குக் குழந்தைகளோடு: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அஸ்தம்பட்டியிலிருந்து: பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு. அப்போது துபாய் போகலாமா? வெயில் நமக்குப் பழகியதுதானே?

சேலத்து வெயிலில் வளர்ந்தவர்கள்தான் இதில் ஏமாந்து போகிறார்கள். நம் ஊரில் பகலில் 40 டிகிரி கொளுத்தினாலும் ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துவிடலாம். துபாய் பாலைவன ஊர்தான், ஆனால் கடலை ஒட்டியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலோடு காற்றில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். வேர்வை காயாது, உடம்பு குளிராது, ராத்திரி 10 மணிக்கும் புழுங்கும். சின்னப் பிள்ளைகள் முதலில் துவண்டுவிடுவார்கள்.

மே அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் பிள்ளைகள் ஆசைப்படும் மிராக்கிள் கார்டன் என்கிற பூந்தோட்டம், பல நாட்டுக் கடைகளும் ஆட்டபாட்டமுமாக நடக்கும் குளோபல் வில்லேஜ் இரண்டும் கோடையில் மூடிவிடும். மூடும் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறுவதால், டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். எங்களைக் கேட்டால் பொங்கல் லீவோடு இரண்டு நாள் சேர்த்துப் போவதே உத்தமம். அரையாண்டு லீவும் நல்ல பருவம்தான், ஆனால் புத்தாண்டு வாரத்தில் ஹோட்டல் வாடகை எகிறிவிடும்.

மே தவிர வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு நாளையும் மூன்றாகப் பிரியுங்கள். காலை 9 மணிக்குள் வெளியிடம். பகல் முழுக்கக் கூரைக்குள்: துபாய் மாலின் மீன் காட்சியகம், செடிகொடியும் பறவையுமாக மழைக்காட்டையே உள்ளே வைத்திருக்கும் கிரீன் பிளானட், பனிச்சறுக்கு நடக்கும் ஸ்கீ துபாய். இதில் ஒரு நாளைக்கு ஒன்றுதான். மாலை 6 மணிக்கு மேல் மறுபடி வெளியே. ஸ்கீ துபாய் உள்ளே பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இருக்கும். கோட்டும் பூட்ஸும் அங்கேயே தருவார்கள். கையுறை கட்டணத்தில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டிலிருந்து: நாலு வயதுப் பையன், முதுகு வலியுள்ள மாமியார். பாலைவன சஃபாரி போகலாமா?

பாலைவனத்துக்குப் போகலாம். மணல் மேட்டில் காரை ஏற்றி இறக்கிக் குலுக்கும் ஓட்டத்தில் மட்டும் இவர்கள் இருவரையும் உட்கார வைக்காதீர்கள். முதுகு வலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகவே ஆகாது. பையனுக்கு ஒரு சோதனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அவனுக்கு வாந்தி வருமென்றால், அங்கே ஐந்தாவது நிமிஷத்தில் வரும். வளைவு, பள்ளம், ஏற்றம் மூன்றும் ஒன்றாக அடிக்கும்.

பணம் கட்டும்போதே "எங்களுக்கு மணல் ஓட்டம் வேண்டாம், நேராக முகாமில் கொண்டுபோய் விடுங்கள்" என்று சொல்லி எழுத்தில் வாங்குங்கள். முகாமில் ஒட்டகம், சாப்பாடு, ஆட்டம் எல்லாம் உண்டு. சூரியன் இறங்கியதும் மணல் குளிர்ந்துவிடும், பையன் வெறுங்காலோடு ஓடி விளையாடலாம்.

மற்றவர்கள் ஓட்டத்துக்குப் போனால், மதியம் தயிர் சாதம் போல லேசாகச் சாப்பிட்டு, கிளம்பும் முன் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கடைசி வரிசையில்தான் தூக்கிப் போடும்; வாந்தி வருபவர் முன் சீட்டில் உட்காரட்டும். மணலில் இறங்கும் முன் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி நாலு சக்கரத்திலும் காற்றை ஏறக்குறைய பாதியாக இறக்குவார். பயப்பட வேண்டாம், டயர் சப்பையாகி அகலமாகப் பதிந்தால்தான் மணலில் புதையாமல் ஓடும். "மெதுவாக ஓட்டுங்கள்" என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். டிசம்பர், ஜனவரியில் திரும்பும்போது குளிரும். ஏற்காட்டில் போடும் ஸ்வெட்டரே போதும்.

சூரமங்கலத்திலிருந்து: புர்ஜ் கலீஃபாவுக்கு மெட்ரோவில் போவது சுலபமா?

இளவட்டங்களுக்குச் சுலபம். ஸ்டேஷனில் இறங்கியதும் வந்துவிடாது. ஏறும் வாசல் இருக்கும் துபாய் மாலுக்குள் போகவே ஏசி போட்ட பாலத்தில் சுமார் 820 மீட்டர் போக வேண்டும். இடையிடையே நகரும் நடைபாதை உண்டு. அதற்கப்புறம் மாலுக்குள் வேறு நடை. மூட்டு வலிக்காரர்களை டாக்ஸியில் அழைத்துப் போங்கள்.

மெட்ரோவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதி இருக்கிறது. ஆண்கள் அதில் ஏறினால் அபராதம். குடும்பம் பிரிந்து ஏறினால், எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று முன்னாடியே பேசி வையுங்கள். ரயிலுக்குள் பிஸ்கட் கூடத் தரக் கூடாது, அதற்கும் 100 திர்ஹாம் அபராதம்.

828 மீட்டர் கட்டடத்தில் 148-வது மாடி வரை ஏற வேண்டியதில்லை. 124-லேயே திறந்தவெளி மாடம் உண்டு, டிக்கெட் விலையும் குறைவு. சூரியன் மறையும் நேரத்து டிக்கெட் விலை கூடுதல், கூட்டமும் நெரியும். பிள்ளைகளோடு காலையில் ஏறிவிட்டு, மாலையில் கீழே நீரூற்றைப் பாருங்கள். அதற்குக் காசில்லை.

அம்மாப்பேட்டையிலிருந்து: மகன் வீட்டுக்குக் குருமா மசாலா அரைத்து எடுத்துப் போகலாமா?

கசகசா சேர்த்திருந்தால் கூடவே கூடாது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். பாக்கெட்டில் முழுசாக இருந்தாலும் மசாலாவில் அரைபட்டிருந்தாலும் தடைதான். போதைப்பொருள் வழக்கில் மாட்டி, ஆசையாகப் போன பயணம் ஏர்போர்ட்டிலேயே முடிந்துவிடும். முந்திரி, தேங்காய் வைத்து அங்கேயே அரைத்துக்கொள்ளலாம். தட்டுவடை, முறுக்கு தாராளமாக எடுத்துப் போங்கள்.

அதைவிட முக்கியம் மாத்திரைப் பெட்டி. நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், வலி மாத்திரை டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து மூன்றும் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் உட்பொருள் பெயர்களை அட்டையில் படித்துப் பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால், புறப்படும் முன்பே அந்நாட்டு அரசின் இணையதளத்தில் அனுமதி வாங்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு, அதுவும் ஆங்கிலத்தில் டைப் செய்தது.

ஆத்தூரிலிருந்து: கையைக் கடிக்காமல் ஒரு நாள் சுற்ற முடியுமா?

முடியும், அந்த நாள்தான் பிள்ளைகளுக்கு நிறையப் பிடிக்கவும் செய்யும். குளிர்காலமென்றால் காலையில் டாக்ஸியில் ராஸ் அல் கோர் சதுப்பு நிலம். இலவசம். மறைவிடத்தில் நின்றபடி பூநாரைக் கூட்டத்தைப் பார்க்கலாம், குரலை மட்டும் தாழ்த்தச் சொல்லுங்கள். மாலையில் பச்சை வழி மெட்ரோவில் அல் ராஸ் இறங்கி, வாசனைப் பொருள் சந்தையும் தங்கச் சந்தையும் பார்த்துவிட்டு, அப்ரா என்கிற மரப் படகில், கிரீக் என்கிற உப்பங்கழியைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள பர் துபாய் போங்கள். தலைக்கு ஒரு திர்ஹாம்தான். சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படகின் நடுவில் முதுகோடு முதுகாக உட்காரும் பலகை, ஓரத்தில் தடுப்பு கிடையாது. அதனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் பக்கத்தில் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

ஓமலூரிலிருந்து: சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்தே விமானம் உண்டா?

நேரடியாக இல்லை. கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜா, திருச்சியிலிருந்து துபாய் என்று பார்ப்பதே சேலத்துக்குத் தோது. ஷார்ஜாவில் காலை 7 மணி வாக்கில் இறங்கினால் துபாய் போகும் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்து போகும். பசியோடு அதில் மாட்டாமல், விமான நிலையத்திலேயே பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு 9 மணிக்கு மேல் கிளம்புங்கள்.