மூன்று பெட்டிகளில் ஒன்றை எடுத்தபின் மாற்றச் சொன்னால் மாற்றலாமா?

கேம் ஷோவில் மூன்று பெட்டிகள், ஒன்றில் மட்டும் பரிசு. நாம் ஒரு பெட்டியைச் சொன்னதும், பரிசு இருக்கும் இடம் தெரிந்த நெறியாளர் மற்ற இரண்டில் காலியான ஒன்றைத் திறந்து காட்டி, "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்கிறார். மாற்றினால் உண்மையிலேயே லாபமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றுங்கள். வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்றிலிருந்து மூன்றில் இரண்டாகிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் எங்கள் அம்மா கதை. சிங்கப்பூரில் எங்கள் வட்டாரப் பொங்கல் நிகழ்ச்சியில் இதே விளையாட்டை வைத்தார்கள். பரிசு, ஃபேர்பிரைஸ் பேரங்காடியில் 50 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) பொருள் வாங்கிக்கொள்ளும் பற்றுச்சீட்டு. நான் கீழே இருந்து "மாத்துங்கம்மா" என்று கத்தினேன். அம்மா மாற்றவில்லை. "முதல்ல கை போனதுதான் நமக்குன்னு எழுதியிருக்கு" என்றார். பெட்டி காலி.

அன்று இரவு காகிதத்தில் பின்னம் போட்டு விளக்கினேன். "ரெண்டு பெட்டிதானே மிச்சம்? அப்போ பாதிக்குப் பாதி" என்பதிலிருந்து அம்மா அசையவே இல்லை.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரிய படிப்பாளிகளே அங்கேதான் நின்றார்கள். 1963இல் அமெரிக்காவில் தொடங்கிய 'லெட்ஸ் மேக் எ டீல்' நிகழ்ச்சியின் நெறியாளர் மாண்டி ஹால் பெயரில்தான் இந்தப் புதிர் வழங்குகிறது. 1990இல் பத்தி எழுத்தாளர் மெரிலின் வோஸ் சவந்த் அமெரிக்காவின் 'பரேட்' இதழில் மாற்றுவதே நல்லது என்று எழுதியதும் ஏறக்குறைய 10,000 கடிதங்கள் வந்தன. பெரும்பாலானவை அவர் சொன்னது தவறு என்றன. சுமார் 1,000 கடிதங்களை எழுதியவர்கள் முனைவர் பட்டம் பெற்றவர்கள். கணித மேதை பால் எர்டிஷ்கூட கணினியில் ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டிய பிறகுதான் சமாதானம் ஆனார்.

சரி, நாமும் ஆடியே பார்ப்போம் என்று தீபாவளிக்கு மிஞ்சிய அங் பாவ் (அன்பளிப்புப் பணம் வைக்கும்) உறைகள் மூன்றை எடுத்தேன். ஒன்றில் மட்டும் இரண்டு வெள்ளி நோட்டு. ஆனால் அம்மாவை ஆட விடவில்லை, நெறியாளர் ஆக்கினேன். ஒளித்து வைப்பதும் காலி உறையைத் திறப்பதும் அவர் வேலை. நான் ஒவ்வொரு முறையும் மாற்றினேன். ஏழெட்டு ஆட்டம் போனதும் அம்மா கையை நிறுத்திவிட்டார்.

"நீ தப்பான உறையைத் தொட்டா, எனக்கு வேற வழியே இல்லையே. காசு உள்ளதைத் திறக்க முடியாது. இன்னொரு காலியைத்தான் திறக்கணும். மிச்சம் கிடக்கிறது காசு உறைதான்!"

இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. நாம் முதலில் தவறாக எடுப்பது மூன்றில் இரண்டு தடவை. அந்த இரண்டு தடவையும் நெறியாளர் தன்னை அறியாமலே பரிசைக் காட்டிக் கொடுக்கிறார். 30 ஆட்டம் முடிந்தபோது நான் 19 ஜெயித்திருந்தேன்.

இப்போது நிபந்தனை. பரிசு எங்கே என்று நெறியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் எடுத்ததை விட்டுவிட்டு, தெரிந்தே காலிப் பெட்டியை மட்டும் அவர் திறக்க வேண்டும், அதுவும் எல்லா ஆட்டத்திலும். அவருக்கே தெரியாமல் ஏதோ ஒன்றைத் திறந்து, அது தற்செயலாகக் காலியாக இருந்தால், அம்மா சொன்ன பாதிக்குப் பாதிதான் சரி. சரியான பெட்டியை எடுத்தவரிடம் மட்டும் "மாற்றுகிறீர்களா" என்று கேட்கும் நெறியாளராக இருந்தால், மாற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் தோற்பார்.

'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியில் நான்கு விடைகளில் இரண்டை நீக்கும் உதவியையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். விடையே தெரியாமல் மனதுக்குள் 'பி' என்று ஊகித்தீர்கள், நீக்கியபின் 'பி'யும் 'டி'யும் மிச்சம் என்றால், 'டி'க்குத் தாவுவதில் எந்த லாபமும் இல்லை. உங்கள் ஊகம் கணினிக்குத் தெரியாது. நீங்கள் நினைத்த தவறான விடையையும் அது நீக்கியிருக்கலாம். பெட்டி ஆட்டத்தில் நாம் எடுத்ததைத் தொடக் கூடாது என்ற விதி இருக்கிறது. இங்கே அது இல்லை. அதனால் இரண்டுக்கும் சரிசமமான வாய்ப்பு.

ஆகவே, மேடை ஏறும் முன் உங்களுக்கு முன்னால் ஆடுகிறவர்களைக் கவனியுங்கள். எல்லாருக்கும் காலிப் பெட்டி திறக்கப்படுகிறதா, எல்லாரிடமும் மாற்றக் கேட்கிறாரா என்று பாருங்கள். அடுத்த பொங்கலுக்கு அம்மா அதைத்தான் செய்தார். முன்னால் ஆடிய நால்வரையும் பார்த்துவிட்டு, தன் முறை வந்ததும் யோசிக்காமல் மாற்றினார். பரிசு முதலில் எடுத்த பெட்டியிலேயே இருந்தது.

இறங்கி வந்தவர், "மூணுல ஒரு தடவை இப்படி ஆகும்னு சொன்னியே, இதுதான் அது. அடுத்த வருஷமும் மாத்தத்தான் போறேன்" என்றார்.