பதில்: குளத்து நீர்மட்ட வரைபில் கோடு பூச்சியத்துக்கு விழுகிறது

முத்தையன்கட்டுக் குளத்தின் நீர்மட்டத்தை எக்செலில் கோட்டு வரைபாகப் போட்டால், அளவு எடுக்காத லீவு நாட்களில் கோடு பூச்சியத்துக்கு விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மார்கழியில் குளம் ஒரே நாளில் வற்றியதாகப் பார்ப்பவர் நினைப்பார்!

உங்கள் இஃப் சூத்திரம் அளவு இல்லாத இடத்தில் வெறும் இரட்டை மேற்கோளைத் தருகிறது. கண்ணுக்கு வெறுமைதான், ஆனால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துப் பூச்சியமாக வரையும். அந்த இரட்டை மேற்கோளுக்குப் பதிலாக என்ஏ(), அதாவது ‘மதிப்பு இல்லை’ என்று காட்டும் NA(), போடுங்கள். கோடு அந்த நாளைத் தாண்டி அடுத்த புள்ளியோடு சேரும் (புதிய பதிப்பில், கீழே சொல்லும் பெட்டி டிக் ஆகாமல் இருந்தால்). சராசரி எடுக்கும் நிரலில் (column) மட்டும் வேண்டாம், அங்கே பிழை காட்டும். வரைபுக்குத் தனி நிரல் வையுங்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் கோட்டைச் சேர்ப்பது சரியில்லை. வைகாசி, ஆனியில் நீர் மெல்லத்தான் இறங்கும், சேர்க்கலாம். மாரியில் இரண்டு நாளில் என்னவும் நடக்கும், இடைவெளி விடுவதுதான் நேர்மை. அதற்கு வரைபில் வலச்சொடுக்கி, செலக்ட் டேட்டா, ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ் போய் கேப்ஸ் (இடைவெளி) என்பதைத் தெரிவுசெய்யுங்கள். புதிய பதிப்பென்றால் என்ஏ-வை வெற்றுக் கலமாகக் காட்டும் பெட்டியையும் அங்கேயே டிக் பண்ணுங்கள். பழைய பதிப்பில் அது இல்லை, அந்தக் கலங்களில் சூத்திரத்தையே அழித்துவிட வேண்டியதுதான்.