பட்டறைப் பக்கம்: போல்டில் பைப் மரை ஏறுமா?

கேள்வி: தோட்டத்து ஜி.ஐ. (துத்தநாக முலாம் பூசிய இரும்புக் குழாய்) லைனில் பிரஷர் கேஜ் மாட்டியிருந்த அரை இஞ்சு டீயை (T வடிவ இணைப்பை) இப்போது அடைக்க வேண்டும். வீட்டில் நாக முலாம் பூசிய 20 மி.மீ. போல்ட் நாலைந்து சும்மா கிடக்கிறது, தெரிந்த பிளம்பரிடம் கையால் பைப் மரை வெட்டும் டை செட்டும் இருக்கிறது. போல்டின் மொட்டைப் பகுதியில் பைப் மரை போட்டு இறுக்கிவிடலாமா?
– ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: வேண்டாம். டை ஏறும், மரை மாதிரி ஒன்று விழவும் செய்யும், ஆனால் கசிவு நிற்காது. அரை இஞ்சு என்பது குழாயின் உள்துளையை வைத்து வந்த பெயர். மரை விழுவது வெளிப்புறத்தில். அங்கே அளந்தால் கிட்டத்தட்ட 21 மி.மீ. வரும், சரியாகச் சொன்னால் மரையின் முழு அளவு 20.955. உங்கள் போல்ட் 20, பூச்சு ஒரு பக்கத்துக்கு 0.05 மி.மீ. என்று வைத்தாலும் 20.1-ஐத் தாண்டாது. மரையின் ஆழமே 1.16 மி.மீ.தான், அதில் ஒரு பக்கத்துக்கு 0.43 போய்விட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உச்சி இல்லாத மொண்ணை மரைதான் மிச்சம்.

இன்னொன்றும் இருக்கிறது. பைப் மரை நேராகப் போகாது, 16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. வீதம் விட்டம் பருத்துக்கொண்டே போகும். திருகத் திருக ஆப்பு இறங்குவது போல இறுகுவதால்தான் தண்ணீர் நிற்கிறது. உங்கள் போல்ட் முனை முதல் தலை வரை ஒரே பருமன், அதனால் ஆப்பு கவ்வ வேண்டிய பின்பக்கத்தில்தான் சதை அதிகம் குறையும். போல்டின் தலையில் 8.8 என்று வலிமைத் தரக் குறி பொறித்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது குழாயை விட நல்ல கடினமான எஃகு. இரவல் வாங்கிய டையின் பல்லை உடைத்துக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஹார்டுவேர் கடையில் அரை இஞ்சு ஜி.ஐ. பிளக் (மரை போட்ட அடைப்பு) என்று கேட்டு வாங்கி மாட்டுங்கள், வேலை முடிந்தது.

ஆனால் டை செட் கைக்கு எட்டும்போது ஒரு துண்டு ஜி.ஐ. குழாயில் மரை போட்டுப் பழகிக்கொள்ளுங்கள் என்று மனசாரச் சொல்வேன், தோட்டம் வைத்திருப்பவருக்கு இது கட்டாயம் உதவும். குழாயைப் பைப் வைஸில் பிடித்து, முனையை நேராக அறுத்து, விளிம்பை அரத்தால் சரித்துவிட்டு டையை மாட்டி, பல் கவ்வுகிற வரை உள்ளங்கையால் அழுத்தியே சுற்ற வேண்டும். முதல் சுற்றில் சாம்பல் நிறத்தில் மிருதுவான துகள் உதிரும், அதுதான் துத்தநாகம், எண்ணெயோடு சேர்ந்து களி மாதிரி பல்லில் அப்பிக்கொள்ளும். அதற்குக் கீழேதான் பளபளவென்று இரும்புச் சுருள் வரத் தொடங்கும். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், கொஞ்சம் எண்ணெய் என்று போய்க்கொண்டே இருங்கள். பின்னால் திருப்பும்போது சுருள் 'டக்'கென்று முறிவது கைக்கே தெரியும், அது தெரியாமல் மேலே போகாதீர்கள், மரை பிய்ந்துவிடும். அரை இஞ்சுக்கு ஏழு மரை போதும். அப்புறம், மாட்டியபின் வெளியே தெரிகிற ஒன்றிரண்டு மரையில் முலாம் கிடையாது, துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். துடைத்துவிட்டு ஜிங்க் பெயின்ட் தொட்டு வையுங்கள்.

கேள்வி: முலாம் பூசிய போல்டில் நட் பாதியிலேயே நின்றுவிடுகிறது. போல்டில் ஒரு தடவை டை ஓட்டினால் சரியாகுமா?
– ஒரு வாசகர், வாடிப்பட்டி

பதில்: நட் ஏறிவிடும், காசு கொடுத்து வாங்கிய முலாம் போய்விடும். மரையின் இரண்டு சரிவிலும் பூச்சு ஏறுவதால், 0.05 மி.மீ. பூச்சுக்கு மரையின் நடுவிட்டம் (உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவே அளக்கும் விட்டம்) அதைப் போல நாலு மடங்கு, அதாவது 0.2 மி.மீ. கூடிவிடும். அதனால்தான் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்டுக்கு, நட்டின் உள்மரையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டித் தருகிறார்கள். அந்த நட்டின் உள்ளே பூச்சு இருக்காது, பரவாயில்லை, போல்டின் துத்தநாகமே இரண்டையும் காக்கும். உங்களிடம் இருப்பது சாதா நட்டாக இருக்கும், ஜோடியான நட்டைக் கேட்டு வாங்குங்கள். சொட்டு உறைந்து மரையில் கட்டியாக நின்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். கேஸ் வைத்துச் சூடு மட்டும் காட்டாதீர்கள், அந்த வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

கேள்வி: மரையில் சணல் சுற்றுவதா, டெஃப்லான் டேப்பா?
– ஒரு வாசகி, பண்ருட்டி

பதில்: கடையில் வாங்குகிற நல்ல மரைக்கு டேப் போதும். கையால் வெட்டிய சொரசொர மரைக்கு நான் சணல்தான் சுற்றுவேன், பெயின்டில் தோய்த்து. எதுவானாலும் மரை முனையை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்கள், எதிர்த்திசையில் சுற்றினால் மாட்டும்போதே பிரிந்து வந்துவிடும்.