தடைக்காலத்தில் விசைப்படகின் டீசல் இன்ஜின்: கேள்வி பதில்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாள்களில் இன்ஜினை எப்படி வைத்திருப்பது என்று படகு உரிமையாளர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

ராமேஸ்வரம்: ஐயா, ஜூனில் எப்படியும் ஆயில் மாற்றுவோம். முன்பே மாற்றுவது வீண் செலவல்லவா?

இல்லை. டீசல் எரியும்போது உண்டாகும் கரியும் அமிலமும் ஈரமும் பழைய ஆயிலில் கலந்திருக்கின்றன. அதை இரண்டு மாதம் அப்படியே விட்டால் பேரிங்கின் மேற்பூச்சை அரிக்கத் தொடங்கும். கரை சேர்ந்ததும், இன்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து, ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துங்கள். அதே ஆயிலில் ஜூனில் தொழிலுக்குப் போகலாம் என்பதால் செலவு கூடுவதில்லை, முன்கூட்டி வருகிறது, அவ்வளவுதான்.

நாகப்பட்டினம்: வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்தால் போதுமா ஐயா?

தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நல்லெண்ணத்தில் செய்யும் இதுவே பல இன்ஜின்களைக் கெடுக்கிறது. ஐந்து நிமிடத்தில் இன்ஜின் சூடேறாது. எரியும்போது உண்டாகும் நீராவி வெளியேறாமல் குளிர்ந்து சிலிண்டர் சுவரிலும் ஆயிலிலும் தங்கிவிடும், முழுதாக எரியாத டீசலும் பிஸ்டன் ரிங்கைக் கடந்து ஆயிலில் இறங்கும். போதாக்குறைக்கு, நன்னீரால் கழுவிவைத்த குழாய்களில் மறுபடியும் உப்புநீர் ஏறும். ஓட்டாமல் விடுவதே நல்லது. இன்ஜினுக்கு டீசல் போவதை நிறுத்தும் ஸ்டாப் லீவரை இழுத்துவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃப்ளைவீலைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும்.

தூத்துக்குடி: டேங்கில் டீசலை வடித்துவிடலாமா?

நிரப்பி வையுங்கள். பாதி காலியான டேங்கில், இரவு குளிரும்போது காற்றிலுள்ள ஈரம் உட்சுவரில் வியர்த்து, டீசலைவிடக் கனமான நீராக அடியில் சேரும். நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்பான வழவழப்புக் கசடாகி ஃபில்டரை அடைக்கும். டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். நீர் இருந்தால் அடியில் தனி அடுக்காக நிற்கும். தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை வடியுங்கள்.

காசிமேடு: கடல்நீர் ஓடும் பக்கத்துக்கு என்ன செய்வது?

உறிஞ்சு குழாயை நன்னீர் டிரம்மில் இட்டு, டிரம் காலியாகாமல் ஊற்றிக்கொண்டே பத்துப் பதினைந்து நிமிடம் இன்ஜினை ஓட்டுங்கள். உப்புநீர் உள்ளேயே உலர்ந்தால், கடல்நீரால் கூலன்ட்டின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களுக்குள் உப்பு படிந்து வழியை அடைக்கும். பிறகு முழுவதும் வடித்து, கடல்நீர் பம்பில் நீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றி நிழலில் வையுங்கள், ஏனெனில் ஒரே நிலையில் மடிந்து கிடந்த இதழ்கள் நிமிர மறுக்கும். மற்ற உலோகங்களை அரிப்பிலிருந்து காக்கத் தான் கரையும் ஜிங்க் துண்டு பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். உள்சுற்றுக் கூலன்ட்டை மட்டும் வடிக்க வேண்டாம். அது இருக்கும்வரை உள்ளே துரு ஏறாது.

கடலூர்: பேட்டரி?

முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, மாதம் ஒருமுறை மீண்டும் சார்ஜ் ஏற்றுங்கள்.

ராமேஸ்வரம்: சைலன்சர் வாயை மூட வேண்டுமா?

இன்ஜின் ஆறிய பின் அதையும் காற்று உறிஞ்சும் வாயையும் மூடி, மூடியிருப்பதை ஓர் அட்டையில் எழுதிச் சாவியில் கட்டிவிடுங்கள். ஜூனில் மூடிகளை எடுத்து, இம்பெல்லரை மாட்டி, டீசல் லைனில் காற்றை எடுத்தபின், ஸ்டாப் லீவரை இழுத்தபடியே ஆயில் பிரஷர் காட்டும்வரை இடையிடையே நிறுத்தி நிறுத்தி செல்ஃப் அடியுங்கள். அதன் பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.