டெய்லராக இருந்து லைன் சூப்பர்வைசர் ஆனவர் தலைமைத் திறனை வளர்த்துக்கொள்வது எப்படி?

திருப்பூரில் ஓவர்லாக் டெய்லராக இருந்து சூப்பர்வைசர் ஆகியிருக்கிறீர்கள், தலைமைப் பண்பை வளர்க்க எந்த வகுப்பில் சேரலாம் என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு எதிலும் சேர வேண்டாம். பலூன் ஊதி உடைக்கச் சொல்லி, குரூப் போட்டோ எடுத்து, பிரியாணி போட்டு அனுப்பும் பயிற்சிகளுக்குக் கம்பெனிகள் கொட்டும் பணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எல்லா வகுப்பும் வீண் என்று சொல்லவில்லை, பயிற்சியாளர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பவர் டேபிளில், அதாவது தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் இடத்தில், நிற்பவருக்கு முதல் தேவை வேறு: வேலையைச் சொல்லிக்கொடுக்கத் தெரிவது.

கை தேர்ந்த டெய்லர் சூப்பர்வைசர் ஆனதும், திணறுகிறவரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து தைப்பார். பீஸ் அப்போதைக்கு நகரும். மறுநாள் அதே மெஷினில் அதே ஆள் மறுபடி திணறுவார்.

இதற்கு உருப்படியான ஒரு முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு நடத்திய ‘டிரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ (தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி) திட்டம். முன்பின் வேலை தெரியாதவர்கள் கூட்டமாகத் தொழிற்சாலைக்குள் வந்ததால் மேற்பார்வையாளர்களுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகளில் கற்பிக்கும் முறையைப் பழக்கினார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவும் அதைப் பிடித்துக்கொண்டது. பனியன் கம்பெனிக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் ஒரு வேலையை எடுத்துத் தாளில் பிரித்து எழுதுங்கள். டி-ஷர்ட் பாட்டத்தை, அதாவது கீழ் ஓரத்தை, ஃபிளாட்லாக் மெஷினில் மடித்துத் தைப்பதை வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் படிகள்: மடிப்பது, பக்கத் தையல் அருகே தொடங்குவது, சுற்றித் தைப்பது, தொடங்கிய தையல் மேலேயே ஏற்றி முடிப்பது. வலப்பக்கம் ஒவ்வொன்றின் சூட்சுமமும் காரணமும். பக்கத் தையலின் பிசிறு பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், மாறினால் அந்த இடம் தடித்துத் திருகும். துணியைக் கையால் இழுக்கக் கூடாது, இழுத்தால் மடிப்பு அலையடிக்கும். முடிவில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏற்றித் தைக்க வேண்டும், இல்லையென்றால் தையல் அங்கேதான் பிரியும். தாள் அரைப் பக்கம் தாண்டினால் வேலையை இன்னும் பிரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

சொல்லிக்கொடுக்கும்போது அவரை எதிரே நிறுத்தாதீர்கள், உங்கள் கை அவருக்கு இடவலம் மாறித் தெரியும். பக்கத்தில் நிறுத்தி மூன்று பீஸ் தைத்துக் காட்டுங்கள். முதல் பீஸில் படிகளை மட்டும் சொல்லுங்கள், இரண்டாவதில் சூட்சுமத்தையும், மூன்றாவதில் காரணத்தையும். பிறகு அவரை உட்கார வையுங்கள். முதல் பீஸை அவர் பேசாமல் தைக்கட்டும், தப்பினால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த பீஸ்களில் அவர் வாயாலேயே படி, சூட்சுமம், காரணம் என்று வரிசையாக வர வேண்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதை நம்ப வேண்டாம். தனியாக விட்ட பின் முதல் நாள் அடிக்கடி போய்ப் பாருங்கள், பிறகு படிப்படியாகக் குறைக்கலாம்.

ஒடிசா, பீகார் பிள்ளைகளிடம் “ஜல்தி ஜல்தி” என்று கத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒடியா பேசுகிறவனுக்கு உங்கள் அரைகுறை இந்தியும் அந்நிய மொழிதான். இழு, விடு, மேலே, கீழே, நிறுத்து என்று மெஷினில் தேவைப்படும் சொற்களை அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சத்தம் தானாகக் குறையும்.

ஆளைத் திட்டுவதற்கு முன் மெஷினைப் பார்க்கவும் பழகுங்கள். சுற்றி முழுக்க ஒரே சீராக அலையடித்தால், டெய்லர் இழுக்காமலே கூட டிஃபரன்ஷியல் ஃபீட் (துணியைத் தள்ளும் முன், பின் பற்களின் வேக வித்தியாசம்) குறைவாக இருக்கலாம், கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். மடிப்பு சுருங்கினால் இறக்குங்கள். தையல் ஓரமாகப் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்தால் ஊசி முனையைப் பாருங்கள், பனியன் துணிக்கு முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசிதான் சரி.

அடுத்து, ஒரு கட்டம். கீழ்நோக்கி ஆட்களின் பெயர், மேலே வரிசையாக வேலைகள். உதவியின்றி, தரம் கெடாமல், டார்கெட் வேகத்தில் தைப்பவருக்கு மட்டும் டிக். ஆடிட்டுக்காக எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு, நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்து வாங்கும் அந்த ரெஜிஸ்டரைச் சொல்லவில்லை, அது வேறு கூத்து. ஒரே ஒரு டிக் இருக்கும் வேலைதான் அவர் லீவு போட்டால் லைனை நிறுத்தும் வேலை. அதை அடுத்துக் கற்க வேண்டியவர் பெயரையும், எந்தத் தேதிக்குள் என்பதையும் அங்கே எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு தாள் எழுதி, ஒருவருக்காவது ஒரு புது வேலை கற்றுக்கொடுத்தால் உங்கள் வளர்ச்சி அந்தக் கட்டத்திலேயே தெரியும்.

பெரும்பாலும் இது எங்கே உடையும் என்றால், தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி தரும் பீஸ் ரேட்டில். புது மெஷின் பழகும் நாட்களில் டெய்லரின் கூலி குறைந்துவிடும், அதனால்தான் கற்க மறுக்கிறார்கள். நாம் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்கிறோம். பழகும் நாட்களுக்கு அவருடைய வழக்கமான சராசரிக் கூலியைத் தர மேனேஜரிடம் முதலில் ஒப்புதல் வாங்குங்கள். அது கைக்கு வராமல் டெய்லரிடம் பேச்சையே எடுக்காதீர்கள்.